நாலு பேர் கேட்ட முடிவு

1880 பிப்ரவரி. ஜெர்மனியின் வடக்கே, இன்றைய டென்மார்க் எல்லையை ஒட்டிய ஃபிளென்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு நாடகம் நடக்கிறது. கடைசிக் காட்சி. மனைவி வீட்டை விட்டுப் போகக் கிளம்பிவிட்டாள். கணவன் விடவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகள் தூங்கும் அறையின் வாசலில் நிறுத்துகிறான். தாயில்லாமல் விடியப்போகும் பிள்ளைகளைப் பார் என்கிறான். அவள் கால் துவண்டு அங்கேயே சரிகிறாள். திரை விழுகிறது. வந்திருந்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இதே நாடகம் இரண்டு மாதத்துக்கு முன், 1879 டிசம்பர் 21 அன்று, கோபன்ஹேகன் அரச நாடக அரங்கில் அரங்கேறியபோது முடிவு இப்படி இல்லை. அங்கே நோரா கணவனுக்கு மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள், அவனுடைய மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறாள், படியிறங்குகிறாள். கீழே தெருக்கதவு சாத்தப்படும் சத்தம். அவ்வளவுதான். ஹென்ரிக் இப்சன் எழுதிய ‘பொம்மை வீடு’ நாடகத்தின் உண்மையான முடிவு அந்தக் கதவுச் சத்தம்.

அப்படியானால் ஜெர்மனியில் மாற்றியது யார்? நோரா வேடம் கட்டவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே. அன்றைய ஜெர்மன் மேடையில் பெரிய பெயர். பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு நான் ஒருபோதும் போகமாட்டேன், அப்படிப் போகிறவளாக நடிக்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தார். வேடம் வேறு, தான் வேறு என்பது தெரியாத நடிகை அல்ல. மூன்று பிள்ளைகளைத் தூங்கவிட்டுப் போகும் ஒருத்தியாக மேடையில் நின்றால் பார்க்கிறவர்கள் தன்னையும் சேர்த்தே பார்ப்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம்.

இப்சன் ஏன் இணங்கினார் என்பதற்குச் சப்பென்ற காரணம் ஒன்று உண்டு: காப்புரிமை. அவருடைய நாடகங்களுக்கு அன்றைய ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அவர் மறுத்தால் எந்த மொழிபெயர்ப்பாளரும் தன் இஷ்டத்துக்கு முடிவை மாற்றிக்கொள்ளலாம். அந்நியன் கத்தி வைப்பதற்குப் பதில் நானே வைக்கிறேன் என்று மாற்று முடிவை அவரே எழுதிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, இது நாடகத்தின் மேல் நடந்த காட்டுமிராண்டித்தனம் என்று டேனிஷ் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதமும் எழுதினார்.

பெண்களை ஒரு வார்ப்புக்குள் அடக்கும் நெருக்குதலை இலக்கியம் எப்படிக் காட்டுகிறது என்று பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கதைக்குள் தேடுவார்கள். கொடுமைக்கார மாமியார், சந்தேகப்படும் கணவன், வாசலில் உட்கார்ந்து வம்பளக்கும் ஊர். அதெல்லாம் கதைக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நெருக்குதல் வேஷம் கலைந்து நிற்கும் இடம் இன்னொன்று. கதையைப் படித்த நாலு பேர், முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கும் இடம் அது. பெண் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கட்டும், கடைசிப் பக்கத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கல்யாணமாகியோ, வீடு திரும்பியோ, செத்தோ.

நோராவின் கதையில் இதைவிடக் கசப்பான ஒரு பக்கம் இருக்கிறது. அவள் வெறும் கற்பனை அல்ல. லாரா கீலர் என்ற எழுத்தாளர் இப்சனுக்கு இளவயதிலிருந்தே பழக்கம். கணவனுக்குக் காசநோய். இதமான தட்பவெப்பத்துக்கு அழைத்துப்போனால்தான் பிழைப்பார் என்று மருத்துவர்கள் சொல்ல, லாரா அவருக்குத் தெரியாமல் கடன் வாங்கி இத்தாலிக்குக் கூட்டிப்போனார். கணவன் பிழைத்தார். கடன் கழுத்தை நெரித்தது. எழுதியாவது அடைக்கலாம் என்று ஒரு கையெழுத்துப் படியை இப்சனுக்கு அனுப்பி, பதிப்பாளரிடம் சிபாரிசு செய்யக் கேட்டார். எழுத்து நன்றாக இல்லை என்று இப்சன் மறுத்தார், எல்லாவற்றையும் கணவனிடம் சொல்லிவிடு என்று புத்தியும் சொன்னார். லாரா அந்தப் படியை எரித்தார். ஒரு காசோலையில் பொய்க் கையெழுத்திட்டார். அகப்பட்டுக்கொண்டார்.

உயிர் பிழைத்த கணவன் என்ன செய்தார்? பிள்ளைகளை வளர்க்க லாயக்கற்றவள் என்றார். மனம் உடைந்துபோன லாரா மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். சுமார் ஒரு மாதம் அங்கே. பிறகு பிள்ளைகளுக்காகத் தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கணவனிடம் மன்றாடினார். அவரும் மனமில்லாமல் சம்மதித்தார்.

ஆக, உண்மையான நோரா பிள்ளைகளின் அறைவாசலுக்கே திரும்பிப் போனவர். ஜெர்மன் நடிகை கேட்ட முடிவு லாராவின் வாழ்க்கையில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. இப்சன் அந்த வாழ்க்கையை எடுத்து, லாராவால் முடியாததை மேடையில் நோராவைச் செய்யவைத்தார். அது பெரிய கலை, சந்தேகமே இல்லை. ஆனால் ஊர் வாய் லாராவைத்தான் மென்றது. பின்னால், அந்த நாடகத்துப் பெண் இவரல்ல என்று பகிரங்கமாகச் சொல்லச் சொல்லி நண்பர்கள் வழியாகக் கேட்டபோதும் இப்சன் மறுத்துவிட்டார். பெண்களின் விடுதலைக்குக் குரல் கொடுத்தவர் என்று அவரைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் காணாமல் போய்விடும். 1898-ல் நார்வே பெண்ணுரிமைச் சங்கத்தார் அவரைக் கௌரவித்தபோது, நான் பெண்ணுரிமைக்காக வேலை செய்தவன் அல்ல, மனிதர்களைச் சித்திரித்தவன் என்று அவரே சொன்னார். அந்த மட்டில் நேர்மை.

நோராவுக்குப் பத்து வருடம் முன்பு அமெரிக்காவில் இதே பஞ்சாயத்து வேறு தினுசில் நடந்தது. லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ முதல் பாகம் 1868-ல் வந்தது. நான்கு சகோதரிகள். அதில் ஜோ என்பவள் எழுத்துப் பைத்தியம், கல்யாணப் பேச்சே பிடிக்காதவள். புத்தகம் விற்றுத் தீர்ந்தது. கூடவே வாசகிகளின் கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: ஜோ யாரைக் கட்டிக்கொள்வாள்? பக்கத்து வீட்டு லாரியைத்தானே? பெண்பிள்ளையின் வாழ்க்கைக்குக் கல்யாணத்தை விட்டால் வேறு போக்கிடமே இல்லையா என்று ஆல்காட் நாட்குறிப்பில் எரிச்சலைக் கொட்டியிருக்கிறார். தன்னைப் போலவே ஜோவும் எழுதிப் பிழைக்கும் கன்னியாக இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். முடியவில்லை. மறுவருடம் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் லாரியோடு அல்ல. வயதில் மூத்த, பரட்டைத் தலை ஜெர்மன் பேராசிரியர் ஒருவரோடு. வேண்டுமென்றே குறும்பாகச் செய்த பொருத்தம் அது என்று ஆல்காட் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. நூற்றைம்பது வருடமாக வாசகிகள் அந்தப் பேராசிரியரை மன்னிக்கவில்லை. ஆல்காட் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பெர்னார்ட் ஷாவுக்கு வாசகர்கள்கூட வேண்டியிருக்கவில்லை, அவருடைய நடிகரே போதும். 1914-ல் லண்டனில் ‘பிக்மேலியன்’ அரங்கேறியது. பூக்காரி எலைசாவுக்கு உயர்குடி ஆங்கிலம் கற்றுக்கொடுத்த ஹிக்கின்ஸை அவள் கடைசியில் உதறிவிட்டுப் போகிறாள். ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, வசனம் முடிந்து திரை விழுவதற்குள் கிடைக்கும் சில நொடிகளில் எலைசாவை நோக்கிப் பூச்செண்டை வீச ஆரம்பித்தார். அந்த ஒரு பூச்செண்டில் நாடகம் காதல் கதையாகிவிட்டது. ஷாவுக்குத் தலைக்கேறிய கோபம். ட்ரீயோ, என் முடிவுதான் வசூலைக் கொண்டுவருகிறது, நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்றார். ஷா 1916-ல் ஒரு நீண்ட பின்னுரை எழுதி, எலைசா ஹிக்கின்ஸைக் கட்டவில்லை, ஃப்ரெடியைக் கட்டிக்கொண்டு பூக்கடை வைத்தாள் என்று அடித்துச் சொன்னார். பலன்? 1938 படத்தில் அவள் ஹிக்கின்ஸிடம் திரும்பினாள். 1956-ல் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகத்திலும் திரும்பினாள். 1964 படத்திலும் திரும்பினாள்.

நம்மூருக்கு வருவோம். இங்கே முடிவுக்கான சண்டை சீதையிடமிருந்து தொடங்குகிறது. தீக்குளித்து எழுந்தவள் கதையை எத்தனை தலைமுறை கேட்டிருக்கிறது! 1943-ல் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதினார். கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதை வாயால் அந்தத் தீக்குளிப்பைக் கேட்கிறாள். தன்னை மன்னித்த ராமனா இதைக் கேட்டான் என்று அதிர்ந்து மறுபடி கல்லாகிவிடுகிறாள். சாபத்தால் அல்ல, தானாக. முடிவை மாற்றும் உரிமை வாசகருக்கு மட்டும்தானா, எனக்கும் உண்டு என்று எழுத்தாளர் பதில் சொன்ன கதை அது.

அந்தத் தீயின் பெயரையே தலைப்பாக வைத்து 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய சிறுகதை ‘அக்னிப் பிரவேசம்’. மழை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண். வந்து நிற்கும் பெரிய கார். ஏறிக்கொள்ளச் சொல்லும் பணக்கார இளைஞன். நடக்கக் கூடாதது நடந்து, வீட்டுக்கு வந்து விதவைத் தாயிடம் அழுது சொல்கிறாள் மகள். தாய் முதலில் அடிக்கத்தான் செய்கிறாள். பிறகு, அக்கம்பக்கம் காதில் விழுந்துவிடாமல் சுதாரித்துக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். சீதைக்கு நெருப்பு, இந்தப் பெண்ணுக்கு ஒரு குடம் தண்ணீர்.

தமிழ் வாசகர்கள் கொந்தளித்துவிட்டார்கள். கண்டனக் கடிதங்கள் பறந்தன. இப்படி ஒரு தாய் இருப்பாளா என்று கேட்டார்கள். வேறு சிலர் முடிவை மாற்றித் தங்கள் கதையையே எழுதினார்கள். கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். காரில் வந்தவன் மேல் அவ்வளவு ஆத்திரம் இல்லை. கோபமெல்லாம் தண்ணீர் ஊற்றிய கையின் மேல். இப்படிச் சட்டென்று ஒருத்திக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஊரில் என்ன பயம் மிஞ்சும் என்பதுதான் அந்தக் கோபத்தின் உள்ளர்த்தம்.

ஜெயகாந்தன் இதற்குச் சொன்ன பதில் தமிழில் அபூர்வமானது. சரி, நீங்கள் கேட்ட முடிவையே எடுத்துக்கொள்வோம், அந்தத் தாய் தண்ணீர் ஊற்றவில்லை, ஊரறிய ஒப்பாரி வைத்துவிட்டாள், அப்புறம்? என்று கேட்டுக்கொண்டு தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தொடரை எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். 1972-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் படமாகி, நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

நாவலில் அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். வெங்கு மாமா என்ற வக்கீல் ஆதரவு கொடுத்துப் படிக்கவைக்கிறார். படிக்கவைத்த கணக்கில் அவள் உடம்பின் மேலும் உரிமை கொண்டாடப் பார்க்கிறார். கெட்டுப்போனவள் என்று ஊர் ஒட்டிய சீட்டை அவர் தன் வசதிக்கு எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். கங்கா பெரிய உத்தியோகம் பார்க்கிறாள், கைநிறையச் சம்பாதிக்கிறாள், ஆனாலும் அந்தச் சீட்டு உரிந்து விழுவதில்லை. நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். ‘அக்னிப் பிரவேசம்’ கதையை எழுதியவர் அவர்தான்! கங்கா அதைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன்னுடைய கதை, தனக்குக் கிடைக்காத முடிவோடு. இலக்கியத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒரு பாத்திரத்தின் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்ன அந்த இடம் ஜெயகாந்தன் எழுதியவற்றிலேயே உச்சம் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும்.

அவருக்கு வெகு முன்பே, அ. மாதவையா ‘சாவித்திரியின் கதை’ என்று 1892-ல் ‘விவேக சிந்தாமணி’யில் ஒரு தொடரைத் தொடங்கினார். பாதியில் நின்றது. 1903-ல் ‘முத்துமீனாட்சி’ என்ற புத்தகமாக வந்தபோது அந்தப் பால்ய விதவைக்கு மறுமணமே செய்து வைத்துவிட்டார். அதே 1903-ல் வங்காளத்தில் புத்தகமாக வந்த தாகூரின் ‘சோக்கேர் பாலி’ நாவலில் விதவை பினோதினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புத்தியும் ஆசையுமாக நாவலையே ஆட்டிவைத்தவள், கல்யாணம் கைகூடும் நேரத்தில் ஒதுங்கிக் காசிக்குப் போய்விடுகிறாள். அந்த முடிவுக்காகத் தன்னைக் கண்டித்தே ஆக வேண்டும் என்று 1940-ல் தாகூர் புத்ததேவ போஸுக்குக் கடிதம் எழுதினார். எண்பதைத் தொடும் வயதில் இப்படி எழுத மனசு வேண்டும்.

பெருமாள்முருகன் செய்தது வேறு மாதிரி. ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லாத பொன்னாவை ஊர் எப்படித் தின்கிறது என்பதை அந்த நாவல் அளவுக்குச் சொன்ன எழுத்து குறைவு. விசேஷ வீட்டில் ஒதுக்குவது, வயலில் ஒரு சொல், பேச்சுவாக்கில் ஒரு குத்தல். கணவன் காளி என்ன ஆனான் என்பதை அந்தரத்தில் விட்டு நாவல் முடிகிறது. பிறகு 2014-ல் இரண்டு தொடர்ச்சிகள்: ‘ஆலவாயன்’ நாவலில் காளி இல்லை, ‘அர்த்தநாரி’ நாவலில் இருக்கிறான். இரண்டு முடிவையும் அவரே எழுதிவிட்டார். அந்த டிசம்பரிலேயே முதல் நாவலுக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டு, ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றதும் எல்லாரும் அறிந்த கதை. அந்த அமளியில் அதிகம் பேசப்படாமல் போனவள் பொன்னாதான்.

இத்தனை முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படுவது பணம். இதைப் பளிச்சென்று சொன்னவர் சீன எழுத்தாளர் லூ சுன். சீனத்து இளைஞர்கள் நோராவைத் தலையில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்த காலம். 1923 டிசம்பரில் பெய்ஜிங் பெண்கள் கல்லூரி ஒன்றில் பேச அழைத்தார்கள். வீட்டை விட்டுப் போன நோரா அப்புறம் என்ன ஆனாள் என்பதுதான் பேச்சின் தலைப்பு. கைதட்டல் வாங்கும் பேச்சல்ல அது. ஒன்று கெட்டழிவாள், இல்லை திரும்பி வருவாள், ஏனென்றால் விழித்த மனசு மட்டும் போதாது, பையில் காசு வேண்டும் என்றார். இரண்டு வருடம் கழித்து அதையே கதையாகவும் எழுதினார். காதலனை நம்பி வீட்டை உதறி வந்த பெண், அவனுடைய வேலையும் வருமானமும் போன பிறகு தகப்பன் வீட்டுக்குத் திரும்புகிறாள், செத்துப்போகிறாள்.

லாரா கீலருக்கு ஒரு பதிப்பாளர் கிடைத்திருந்தால்? ஷா எலைசாவுக்கு வெறும் கணவனை மட்டும் கொடுக்காமல் பூக்கடையையும் ஏன் கொடுத்தார்? ஆல்காட்டால் கல்யாணமே இல்லாமல் வாழ முடிந்தது புத்தகம் விற்றதால்தான். ஆனால் கங்கா லூ சுன்னையும் ஒரு படி தாண்டிவிடுகிறாள். பையில் காசு இருந்தும் அவளுக்கு வாசல் திறக்கவில்லை. அந்தப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் மாமா போட்ட முதல் அப்படி.

காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வித்தையை நம் காலத்தில் நன்றாகச் சொன்னது கொரியாவிலிருந்து வந்த ஒரு சின்ன நாவல். சோ நாம்-ஜூ 2016-ல் எழுதிய ‘கிம் ஜி-யங், 1982-ல் பிறந்தவள்’. கிம் ஜி-யங் என்பது அந்தத் தலைமுறையில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் சாதாரணப் பெயர். அவளை யாரும் அடிக்கவில்லை. கணவனும் நல்லவன். குழந்தை பிறந்ததும் யார் வேலையை விடுவது என்ற பேச்சு வருகிறது, சம்பளம் குறைந்தவள் விடுகிறாள். ஒருநாள் குழந்தையோடு பூங்காவில் உட்கார்ந்து மலிவான காபி ஒன்றைக் குடிக்கிறாள். புருஷன் காசில் உண்டு கொழுக்கும் பூச்சி என்று அலுவலகத்து ஆட்கள் சிலர் அவள் காதுபடப் பேசுகிறார்கள். பிறகு அவள் வேறு பெண்களின் குரலில் பேசத் தொடங்குகிறாள். கதை சொல்லும்போதே அடிக்குறிப்பாகச் சம்பள ஏற்றத்தாழ்வுப் புள்ளிவிவரங்களை ஆசிரியர் சேர்த்துவிடுகிறார், மிகை என்று யாரும் தள்ளிவிடாதபடிக்கு. புத்தகம் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2018-ல் இதைப் படித்தேன் என்று ஒரு பாடகி சொன்னதற்காக, ரசிகர்கள் சிலர் அவருடைய படங்களைக் கொளுத்தினார்கள். படித்ததற்கே இந்தத் தண்டனை.

2019-ல் படமாக வந்தபோது முடிவு மாறியது. படத்தில் கிம் ஜி-யங் தேறி எழுதத் தொடங்குகிறாள், கணவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். பார்க்க ஆறுதலாகத்தான் இருக்கிறது.

நாவலில் அது இல்லை. அது முழுக்க ஓர் ஆண் மனநல மருத்துவர் எழுதிய நோயாளிக் குறிப்பு என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. கிம் ஜி-யங்கை அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். தன் மனைவியும் கண் மருத்துவராக இருந்து பிள்ளைக்காக வேலையை விட்டவள் என்பதை வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறார். அவருடைய மருத்துவமனையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி கர்ப்பமாகி வேலையை விட்டுப் போகிறாள். அந்த இடத்துக்கு அடுத்து எடுக்கும் பெண் கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்கிறார் டாக்டர். நாவல் அத்தோடு முடிகிறது.